படத்துக்காக நிமிர்த்திய வரப்பு

"தாத்தா, இந்த வரப்பு நேரா மலையைப் பாத்துப் போகுது பாருங்க. படத்துக்கு இப்படி ஒரு கோடு கிடைக்கணும்" என்று பேத்தி செல்போனை நீட்டினாள். எனக்கு வாய் கசந்தது.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். பெரியப்பா தன் புது வீட்டில் மாட்ட வயலைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். நாகர்கோவிலிலிருந்து வந்த போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். "வரப்பு கோணலா கெடக்கு. நேரா இருந்தா படம் எடுப்பா இருக்கும்" என்றார்.

வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வயல், இந்தப் பக்கம் எங்களுடையது.

"ஏலே, உன் பக்கமா கொஞ்சம் தள்ளிப் போட்டா நேராயிரும். படத்துக்குத்தானல. அறுப்பு கழிஞ்சதும் பழையபடி மாத்திக்கிடலாம்" என்றார் பெரியப்பா அப்பாவிடம்.

அம்மா வேண்டாமென்று முணுமுணுத்தாள். "அண்ணன் கேட்டா தட்ட முடியுமாட்டி?" என்று அப்பாவே மண்வெட்டியை எடுத்தார். வெட்டிய சேற்றின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அறுப்பு கழிந்தது. வரப்பு மாறவில்லை. அப்பா போய்க் கேட்டபோது, பெரியப்பா சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். "வரப்பு எங்க கெடக்குன்னு நீயே பாருல."

படத்தில் அந்த வரப்பின் மேல் அப்பா சிரித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா வந்திருக்கா தாத்தா?"

"நல்லாத்தான் இருக்கு மக்கா" என்றேன். "அழிச்சிரு."