மூணு டம்ளர்க்காரனும் ரெண்டு குழாயும்

ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணிக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆகிறது. காப்பி, ரசம், மோர் எல்லாம் அந்த மூணுக்குள் அடக்கம். என் கிட்னி இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டிரைக் செய்துவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் விருதுநகரில் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். மற்ற நேரம் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன்.

அங்கே ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு தண்ணித் தொட்டி உண்டு. பொறி பட்டால் முதலில் கை போகிற இடம் அது. தொட்டியெல்லாம் தளும்ப நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலையில் ஆட்களை உள்ளே விடுவேன். நாளெல்லாம் தண்ணியைப் பார்ப்பது உத்தியோகம், குடிக்காமல் இருப்பது வைத்தியம். "பாக்கக் கூடாதுன்னா சொன்னாக? நல்லாப் பாருங்க" என்பாள் வீட்டுக்காரி.

போன கோடையில் டயாலிசிஸ் சென்டரின் போர்க் கிணறு வற்றி, எல்லாம் லாரித் தண்ணியில் ஓடியது. ஒருநாள் என் கையில் ஊசி குத்திக்கொண்டே டெக்னீஷியன் அம்மா சொன்னார்.

"அண்ணாச்சி, இப்படியே போனா சாயங்கால ஷிப்டை நிறுத்திருவாக. மழை வர்ற மட்டும் நீங்க மதுரைக்குத்தான் போகணும்."

வாரம் மூன்று நாள் மதுரை என்றால் கம்பெனி வேறு போர்மேனைத் தேடிக்கொள்ளும். என்னோடு அதே ஷிப்டில் படுக்கிற நாலு பேருக்கும் இதே கதைதான்.

"அம்புட்டுத் தண்ணியும் எங்கன போகுதும்மா?"

"ஆர்.ஓ. பிளான்ட்டு நல்லதை வடிகட்டி மிஷினுக்குக் குடுத்துட்டு, மிச்சத்தைப் பின்னாடி சாக்கடையில விட்டுரும்."

சாக்கடையிலா! தொட்டி நிரப்புகிறவன் காதில் போடுகிற வார்த்தையா அது?

அடுத்த முறை மத்தியான ஷிப்டு முடியுமுன்பே போய்விட்டேன், கையில் ஒரு வாளியோடு. கட்டடத்துக்குப் பின்னால் சுவரிலிருந்து ரெண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்ததற்கு நேரே வாளியை வைத்தேன். கண்ணாடி மாதிரி தண்ணி. வெதுவெதுவென்று இருந்தது, வெயிலுக்குச் சுட்டிருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் வந்த புழுதி போக ரெண்டு கை அள்ளி முகத்தையும் கழுவினேன்.

"அய்யோ அண்ணாச்சி, தொடாதீக!" டெக்னீஷியன் அம்மா ஓடி வந்தார். "அது மிஷின்ல இருந்து வர்ற கழிவு. உள்ள படுத்திருக்கிற அஞ்சு பேரோட ஒண்ணுக்குன்னு வச்சுக்கோங்க!"

எங்கள் கம்பெனியில் தொட்டித் தண்ணிக்கு ஊர் பேர் விசாரிக்கிற வழக்கமில்லை. அதுதான் காலை வாரிவிட்டது. சோப்பும் மருந்தும் போட்டு மூணு தடவை கழுவவைத்தார். தண்ணியை மிச்சம் பிடிக்க வந்தவன் லாரித் தண்ணியில் ரெண்டு வாளியைக் காலி செய்தேன்.

"இந்தா, இதான் நீங்க தேடி வந்தது" என்று மற்ற குழாயைக் காட்டினார். "உப்பு சாஸ்தி. குடிக்க ஆகாது. மத்தபடி சுத்தம்."

"கக்கூஸுக்கு ஊத்த ஆகுமா?"

"ஆகும். தரை தொடைக்கவும் ஆகும். எல்லாத்துக்கும் லாரித் தண்ணியைல்ல ஊத்திக்கிட்டிருக்கோம்!"

டாக்டரிடம் சொன்னார். அந்த வாரமே பிளம்பர் வந்து, உப்புத் தண்ணிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, கக்கூஸுக்கு லைன் இழுத்துவிட்டார். இன்னொருத்தர் என்னைப்போல் முகம் கழுவிவிடாமல் இருக்கக் குழாயில் அடையாளம் ஒட்டுகிற பொறுப்பு எனக்கு. கம்பெனியில் மிஞ்சிக் கிடந்த லேபிள்களைக் கொண்டுபோனேன். நல்ல குழாய்க்குச் சங்குசக்கரம். கழிவுக் குழாய்க்கு அணுகுண்டு, 'கையில் வைத்து வெடிக்காதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் லாரி வரவில்லை. சாயங்காலம் நாங்கள் ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டெக்னீஷியன் அம்மா மாடி ஏறி மெயின் தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"பாதிக்கு மேல கெடக்கு. வாங்க, வந்து படுங்க."

என் மிஷின் ஓட ஆரம்பித்தபோது உள்ளே யாரோ கக்கூஸில் தண்ணி திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. இத்தனை பாடுபட்டு அந்த அறைக்குத் தண்ணி கொண்டுவந்தது நான். எனக்கோ கிட்னி ஸ்டிரைக் செய்த நாளிலிருந்து ஒண்ணுக்குப் போகிற சோலியே கிடையாது.

"எதுக்கு அண்ணாச்சி தனியாச் சிரிக்கீக?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் என் கட்டிலுக்கு மேலே சுவரில் நான் கொண்டுவந்த லேபிளில் மிஞ்சிய ஒன்றை டெக்னீஷியன் அம்மா ஒட்டிவைத்திருந்தார்: 'பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும்.'