எதிர்வீட்டு நீலக் குழாய்

சின்ன காஞ்சிபுரத்தில் யாரைப் பார்த்தும் பொறாமைப்படாத ஒரே மனுஷன் நான்தான்.

பொய். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற என் மருமகளே பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தறி தெரியும், பஜனையில் ஜால்ரா தட்டத் தெரியும். பொறாமைப்பட மட்டும் யாரும் சொல்லித் தராமலே வந்துவிட்டது. நம் பஜனை கோஷ்டி அன்பர்களே, அந்தப் பொறாமையைப் பெருமாள் என்ன செய்தார் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் கார்த்திகைக் கடைசியில் என் இடது கால் பெருவிரலில் ஒரு புண். தறிக்குழியில் மிதியை மிதித்து மிதித்து வந்தது. வலிக்கவே இல்லை. நான் பெரிய வீரன், அதனால்தான் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டவுன் டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார்.

"இது எறங்கலேன்னா விரலை எடுக்கணும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது."

மிதிக்கக் கால் இல்லாதவனுக்குத் தறி எதற்கு? வீட்டுக்கு வந்து குழியில் காலை விட்டபடியே அழுதேன். தெய்வமே, இந்தக் காலை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாதே.

அதே வாரம் எதிர்வீட்டு மாசிலாமணிக்கும் அதே வியாதி என்று தெரிந்தது. அவனும் நெசவுதான். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே பத்தியம். சோறு ஒரு பிடி, ரேஷன் கோதுமையில் சப்பாத்தி, கீரை, பாகற்காய். ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீல மருந்தும் கொடுத்தார்கள். காலையில் குழாயில் அந்த மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் நிறுத்த வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ரொம்ப மோசம்.

முதல் சில நாள் இரண்டு பேருக்குமே செங்கல். அப்புறம் அவனுக்குப் பச்சை வந்தது. பிறகு நீலம். எனக்குச் செங்கல் அசையவே இல்லை.

என் பெண்டாட்டி பட்டம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அரக்குப் புடவைக்கு இதையே சாயமா ஊத்தலாம்யா" என்பாள். அவனோ தன் குழாயைக் கழுவாமல் ஜன்னலில் நிறுத்தி வைப்பான், தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. என் தறியில்கூட அப்படி ஒரு நீலம் விழுந்ததில்லை.

"இன்னாய்யா, இன்னிக்கு இன்னா கலரு?" என்று வாசலில் நின்று கேட்பான்.

"மாம்பழ மஞ்சள்" என்று புளுகுவேன்.

"பரவால்லியே, எறங்கிக்கினு வருது."

அந்த ஆறுதல் இருக்கிறதே, அதுதான் புண்ணில் மிளகாய்.

அப்போது மார்கழி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பனியில் நொண்டி நொண்டி நான் பஜனைக்குப் போவேன். மாசிலாமணி பனி ஒத்துக்கொள்ளாது என்று போர்வைக்குள் கிடப்பான். பாடுகிறவனுக்குச் செங்கல், தூங்குகிறவனுக்கு நீலமா? பெருமாளிடம் நேராகவே கேட்டேன். 'என் காலைக் காப்பாற்று' என்று தினமும் வேண்டுவேன். அது வாய் வேண்டியது. 'அவன் குழாய் ஒரே ஒரு நாள் சிவக்கட்டும்' என்று வேண்டியது மனசு. சிவந்தால் ஒரு நாள் பஜனைப் படையல், சர்க்கரைப் பொங்கல் தளிகை, என் செலவு என்று நேர்ந்தும் கொண்டேன். எனக்கு ஏது பொறுமை? மறுநாள் பஜனைக்கே தளிகையை முன்கூட்டிப் போட்டுவிட்டேன்.

முடிந்ததும் நெய் ஒழுக இரண்டு தொன்னை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"பஜனைக்கு வராதவனுக்கும் பெருமாள் அனுப்பறாரு பாரு."

"டாக்டரு இனிப்பே வாணாம்னு..."

"பிரசாதத்துல ஏதுய்யா சர்க்கரை? நான் தெனம் துன்றேன்."

சத்தியமாக அப்படித்தான் நம்பியிருந்தேன். அவனும் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு தொன்னையையும் வழித்துச் சாப்பிட்டான்.

வெயில் ஏறுவதற்குள் என் வாசலில் வந்து நின்றான். கையில் குழாய். செங்கல்!

மறைக்க மாட்டேன் அன்பர்களே, ஒரு நொடி என் வயிற்றில் பாலை வார்த்தது. அடுத்த நொடி அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"என் காலும் பூடுமாய்யா? ராத்திரி ரெண்டு சப்பாத்தி, கீரை. வேற ஒண்ணுமே துன்னல. காலைல நீ குடுத்த பொங்கல்தான்."

உள்ளேயிருந்து பட்டம்மா குரல் வந்தது. "ஒரு நாள் துன்ன அந்தாளுக்கே இப்படின்னா, தெனம் ரெண்டு தொன்னை துன்ற உனுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் பாகற்காயைத் தின்றுவிட்டு, பஜனையில் பொங்கலை வழித்திருக்கிறேன். அது சாமியுடையது, சாப்பாட்டில் சேராது என்று. கோணல் வேண்டுதலைத்தான் கேட்டேன். பெருமாள் அதைக் கொடுத்து, அதற்குள்ளேயே என் காலுக்கும் பதில் வைத்திருந்தார்.

மாசிலாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவன் முறைத்தான்.

"என் குழாய்க்கு வேண்டிக்கின நேரத்துல உன் காலுக்கு இன்னொரு தபா வேண்டிக்கினு இருக்கலாமேய்யா!"

மறுநாளிலிருந்து பிரசாதம் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே ஒரு பருக்கையை வாயில் போட்டுவிட்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தேன். செங்கல் ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. தை பாதியில் ஒரு காலை, நீலம். பட்டம்மா குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை! டாக்டர் விடாமல் கட்டுப் போட்டார், மாசியில் புண் ஆறியது. ஐந்து விரலோடுதான் இன்றைக்கும் மிதிக்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள், அவர் திருத்திக்கொள்வார். ஆனால் குழாயையும் கொதிக்க வையுங்கள், மாத்திரையையும் போடுங்கள். எனக்கு அவர் பதில் சொன்னது அந்தக் குழாயில்தான்.

இப்போது நானும் மாசிலாமணியும் ஒரே அடுப்பில், ஒரே சட்டித் தண்ணீரில்தான் குழாய் வைக்கிறோம். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், அவன் நீலம் இருக்கிறதே, அது இன்னும் என் நீலத்தைவிட...

"யோவ்! தண்ணி கொதிக்குது, உன் குழாய் இன்னும் காலியா கீது. வரியா இல்லியா?"

வரேன்யா! மருமகளே, இதோடு நிறுத்தும்மா. அவன் எனக்கு முன்னால் வைத்துவிடப் போகிறான்.