பிலிப்பினோ நாடகத்துக்கு உடுப்புத் தைத்தவன்

தையற்காரனுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது. என்னைப்போல மிஷினுக்கு முன்னால் குனிந்தே முதுகைத் தொலைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் கனடாவில், அஜின்கோர்ட் என்ற இடத்தில், சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தேன். நானும் மனைவி நஸீமாவும் இரண்டு மிஷினும். சாரி பிளவுஸ், சிப் மாற்றுவது என்று போய்க்கொண்டிருந்த பிழைப்புக்குள் ஒருநாள் பிலிப்பினோ நாடகக் குழு ஒன்று நுழைந்தது. பிறகு ஆறு வருஷம் அவர்கள் வெளியே போகவில்லை. அவர்களோடு நான் பேசியது என் உடைந்த ஆங்கிலத்தில். இங்கே எல்லாரையும் தமிழ் பேச வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக் கை

முதலில் வந்தவள் முதியோர் இல்லமொன்றில் நேர்ஸாக இருந்த பெண். பெயர் லூஸ். ஸ்பானிய மொழியில் வெளிச்சம் என்று அர்த்தமாம். எங்கள் காதில் அப்படியா விழும்? அவள் முதல்முதல் ரெலிபோன் எடுத்தபோது நஸீமா, "இஞ்சருங்கோ, லூசாம், கதைக்குது" என்று ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

லூஸ் கேட்டது அவர்கள் ஊர்ப் பழைய சட்டை. தோளில் வண்ணத்துப்பூச்சிச் செட்டை மாதிரிக் காதுவரை எழும்பி நிற்கும் கை. நான் எந்த லைனிங் வைத்தாலும் நாய்க்காது போல மடிந்து விழுந்தது. மூன்றாம் தரம், ஆம்பிளைகளின் கோட்டுக் கொலருக்குள் வைக்கிற கன்வஸை வெட்டி வைத்தேன். எழும்பி நின்றது. போட்டுப் பார்த்த லூஸ் அதை வெளிச்சத்தில் பார்க்க வெளியே போகப் போனாள், கடைக் கதவுக்குள் சட்டைக் கை இரண்டும் இறுகிக்கொண்டன. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சந்தோஷத்தில் நஸீமா, லூஸ் என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிட்டாள். எனக்கு வேர்த்துவிட்டது. லூஸ் சொன்னாள்: "சரிதானே. கிழமை முழுக்க டபுள் ஷிப்ட் செய்திட்டு ஞாயிற்றுக்கிழமை நாடகம் பழகிற எங்கள் எல்லாருக்கும் அந்தப் பேரையே வைக்கலாம்."

மீசை வைத்த மணப்பெண்

அவர்கள் அந்த வருஷம் போட்டது சர்சுவேலா. ஸ்பானியர் கொண்டுவந்து, பிறகு ஊர்ச்சனம் தங்கள் பாஷையில் தங்களுடையதாக்கிக்கொண்ட பாட்டு நாடகம். கதாநாயகி மரித்தேஸ். யூனியன்வில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தங்கியிருந்து இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. ஞாயிறு லீவு என்று பேச்சு. ஆனால் வீட்டுக்காரிக்கு அலுவல் வந்தால் லீவு காற்றோடு போய்விடும். மூன்று ஞாயிறாக, சட்டையைப் போட்டு அளவு பார்க்கிற ஃபிட்-ஓனுக்கு அவள் வரவில்லை. கல்யாணச் சட்டை ஊசி குத்தினபடி தொங்கிக்கொண்டிருந்தது.

லூஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். குழுவில் மரித்தேஸின் அதே உயரம், அதே இடுப்பு உள்ளவன் பொங். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், அடர்ந்த மீசைக்காரன். அவனுக்குச் சட்டையைப் போட்டு, தலையில் வெள்ளை முக்காடும் போட்டு, மேசைமேல் ஏற்றிவிட்டு நான் அடிக்கரைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. தைக்கக் கொடுத்த கோட்டை எடுக்க மல்வேர்னிலிருந்து வந்த வாடிக்கையாளர் கணேசண்ணை. பொங்கை மேலும் கீழும் பார்த்தார். பொங் வெட்கப்பட்டு முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டான். கணேசண்ணை என் பக்கம் குனிந்து, ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நானா, பொம்பிளை நல்ல வடிவுதான். மீசையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ."

மரித்தேஸ் பாடிய நாள்

நாடகம் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு, ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற் மண்டபத்தில். ஒன்றே முக்கால் ஆகியும் மரித்தேஸ் இல்லை. பொங்கையே சட்டைக்குள் இறக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அவன் மீசையைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போனான். அப்போது மரித்தேஸ் ஓடிவந்தாள், ஒவ்வொரு கையிலும் ஒரு பிள்ளை. வீட்டுக்காரி திடீரென்று வேலைக்குப் போய்விட்டாளாம். மரித்தேஸ் மண்டப முகவரியை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். "பிள்ளையளை விட்டிட்டும் வரேலாது, வராமலும் இருக்கேலாது" என்றாள். அந்த வேலை போனால் அவள் கனடாவில் இருப்பதே சிக்கல் என்று எல்லாருக்கும் தெரியும். நஸீமா மிச்சத் துணியில் இரண்டு தலைப்பா கட்டி, பிள்ளைகளையும் கிராமத்துச் சனமாக மேடையில் இருத்திவிட்டாள்.

மூன்றாவது பாட்டின்போது வீட்டுக்காரி வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள். மரித்தேஸ் கண்டுவிட்டாள். ஒரு வரி குரல் நடுங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாஷை விளங்காத எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் மண்டபமே எழும்பி நின்றது. வீட்டுக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள்.

அதற்குப் பிறகு மரித்தேஸின் ஞாயிற்றுக்கிழமையில் யாரும் கைவைக்கவில்லை. பாட்டுத்தான் காரணம் என்பாள் லூஸ். அன்று நாடகம் முடிந்ததும் கதவடியில் நின்ற என் காதில் வேறொன்றும் விழுந்தது. "இவ வீட்டில ஒருநாளும் பாடினதில்லையே" என்று தாய் ஆச்சரியப்பட, ஆறு வயது மகள் தலைப்பாவோடு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "ஒவ்வொரு நாளும் பாடுறவ, அம்மா. நீங்கள்தான் வேலையில நிப்பீங்கள்."

சிவப்பும் நீலமும்

அடுத்த வருஷம் குழுவை நடத்துகிற டோமிங் துணியோடு வந்தார். அறுபது வயது, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஒரு கட்டு நீலம், ஒரு கட்டு சிவப்பு. திருவிழாக்களில் ஆடுகிற பழைய கூத்தாம், பெயர் கொமேதியா. நீலம் கிறிஸ்தவ அரசனுக்கு, சிவப்பு முஸ்லிம் அரசனுக்கு. "ஆர் வெல்லுறது?" என்று கேட்டேன். வாய்க்கு வந்த கேள்வி, அவ்வளவுதான். டோமிங் கடைச் சுவரில் இருந்த கஅபா படத்தைப் பார்த்தார். "நீலம். எப்பவும் நீலம்தான். சிவப்பு தோத்து, கடைசியில ஞானஸ்நானம் எடுக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் சொன்னபோதும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லைதானே. சிவப்பை விரித்து வெட்டத் தொடங்கினேன். ஆனால் அந்த அங்கிக்கு இரட்டை லைனிங் வைத்தேன், ஓரமெல்லாம் சரிகை ஓடவிட்டேன். தோற்கிறவன் வடிவாகத் தோற்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து அங்கியை எடுக்க வந்த டோமிங் அதைத் தடவியபடி நின்றார். "ஸ்பானியக் குருமார் பழக்கின கூத்து இது. எங்கட நாட்டுத் தெற்கில இருக்கிற முஸ்லிம் சனத்துக்கே எங்களைப் பயப்பட வைச்சது. சின்ன வயசில இருந்து ஆடுறன், ஆர் வெல்லுறது எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை" என்றார். முடிவை அவரே மாற்றி எழுதினார். இரண்டு அரசரும் சண்டை பிடித்துக் களைத்து, வாளைக் கீழே வைத்துவிட்டு, பாண்ட் மேளத்துக்குச் சேர்ந்து ஆடினார்கள். சிவப்பு அங்கிக்குள் பொங், மீசையோடு. வாள் கீழே போனபோது நஸீமா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் அழவில்லை என்று இன்றும் அவளிடம் சாதிக்கிறேன். மண்டபம் முழுக்கச் சனம் கைதட்ட, பக்கத்துக் கதிரையில் இருந்த பிலிப்பினோ அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடிச்சதுதான். ஆனால் எங்கட ஊரில இது மூண்டு நாள் நடக்கும். ஒருத்தரையும் சாக விடாததால ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிட்டுது!"

நாடகக்காரருக்குத் தைத்ததில் எனக்கு வந்த ஒரே கஷ்டம், ஞாயிறு முழுக்க அரசர்களோடு இருந்துவிட்டுத் திங்கட்கிழமை யாரோ ஒருவருடைய காற்சட்டைக் காலைக் கட்டையாக்க மனம் வராமல் போனதுதான்.