ஆற்றைப் பார்த்த குழாய்

நான் பந்தல் கட்டிக் கீழே இறங்குவதற்குள் மைக்செட்காரர் மேலே ஏறிவிடுவார். அதுவும் எந்த மூங்கிலில்? ஆற்றுப் பக்கமாக நான் நட்டதிலேயே உயரமான மூங்கிலில். பல்லுக்கிடையில் கட்டுக்கம்பி, தோளில் ஒலிபெருக்கிக் குழாய், முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை. உச்சிக்குப் போனதும் குழாயின் வாயை ஆற்றைப் பார்க்கத் திருப்பி இறுக்கிக் கட்டுவார். கூட்டம் உட்காருவது இந்தப் பக்கம். இருப்பதிலேயே நல்ல குழாய் பார்ப்பது அந்தப் பக்கம். கூட்டத்துக்கு மிஞ்சுவது நசுங்கிய குழாய்கள்தான். கமிட்டிக்காரர் வந்து யாரைப் பிடிப்பார்? என்னைத்தான். “ஏய்யா பந்தலு, கம்பத்தை என்ன லட்சணத்துல நட்டிருக்கே? பின்னாடி உட்கார்ந்தவனுக்கு ஒரு எழவும் கேக்கலை!” இந்த ஏச்சை வருஷக்கணக்காக அவருக்காக நான் வாங்கியிருக்கிறேன். “தப்பு என்னுதுய்யா” என்று ஒரு தடவை சொல்லியிருப்பாரா? மாட்டார். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற மனுஷனுக்கு அந்த நேரத்தில் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

எங்களுடையது எல்லை ஊர். நடுவில் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தில் இரும்புக் கேட்டு, கேட்டில் துப்பாக்கிக்காரர்கள். இரண்டு கரையிலும் ஒரே ஜனங்கள்தான்; நாலு பாஷை, மூன்று சாமி. அதனால் வருஷம் பூராவும் ஏதாவது ஒரு விழா வாசலில் வந்து நிற்கும். விதைப்புக்கு ஒன்று, அறுப்புக்கு ஒன்று, நோன்பு முடிந்தால் ஒன்று, சாமி ஊர்வலம் கிளம்பினால் ஒன்று. புது வருஷமே எங்களுக்கு மூன்று தடவை பிறக்கும். அத்தனைக்கும் பந்தல் நான், மைக்செட் அவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘ஒண்ணுரெண்டு’. மைக்கை இரண்டு தட்டு தட்டி, தொண்டையைச் செருமி, “ஒண்ணு… ரெண்டு… மூணூ…” என்று அவர் இழுத்தால்தான் இங்கே விழா தொடங்கியதாகக் கணக்கு.

யார் வீட்டு விழாவானாலும் மேடைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வயரைத் தொடுவார். “எந்த சாமி கோவிச்சாலும் சமாதானம் பண்ணிக்கலாம். கரண்டு கோவிச்சா முடிஞ்சுது கதை” என்பார். காணாமல் போன சாமான்களை நாலு பாஷையிலும் அறிவிப்பார். ஒரு தடவை ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. “இதோட ஜோடியைப் போட்டிருக்கிறவங்க அப்படியே நொண்டிக்கிட்டு மேடைக்கு வரவும்” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. “மூணு” சொன்ன பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். குழாயின் சத்தத்தைச் சரி பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்தக் குழாயை ஒரு நாள் நானே திருப்பிவிடுவது என்று மூங்கிலில் ஏறினேன். அறுப்பு விழா, மதியம். கீழே ஒரே இரைச்சல். உச்சியில் காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. அவர் கீழேயிருந்து “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி முடித்தார். கம்பியில் கை வைத்தேன். அப்போது அக்கரையிலிருந்து ஒரு குரல், இதே குரலைத் தண்ணீரில் நனைத்து எடுத்த மாதிரி வந்தது. “நாலு… அஞ்சு… ஆறு…”

குழாயை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். “யாருண்ணே அது?” என்றேன்.

“சின்னவன்” என்றார். “என் தம்பி.”

மிச்சத்தை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னார். தம்பி அக்கரையில் பெண் எடுத்து அங்கேயே குடியேறிவிட்டான். மைக்செட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போய் அங்கே அதே தொழில். அவர்கள் அப்பா செத்த சமயம் இரண்டு நாட்டுக்கும் ஏதோ தகராறு, கேட்டைப் பூட்டியிருந்தார்கள். தம்பி பகல் பூராவும் கேட்டுக்கு வெளியே துப்பாக்கிக்காரன் காலைப் பிடிக்காத குறையாக நின்றிருக்கிறான். வெயில் காலம். இங்கே பிணத்தை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அண்ணன் அடக்கம் பண்ணிவிட்டார். மறுநாள் கேட்டைத் திறந்தார்கள். தம்பி பாலத்து நடுவில் நின்று, “ஒரு பொழுது பொறுக்கக் கூடாதா? நான் மட்டும் என்ன தவிட்டுக்கா வந்தேன்? இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். இன்றுவரை முழிக்கவில்லை.

“அப்புறம் இது என்னண்ணே, விழாவுக்கு விழா?” என்று அவரையே கேட்டேன்.

“முகத்துல முழிக்க மாட்டேன்னுதான் சொன்னான். காதுல விழ மாட்டேன்னு சொல்லலையே.”

“ஆறு வரைக்கும் அவர் சொல்றாரே. ஏழு நீங்க சொல்ல வேண்டியதுதானே?”

வயரைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார். “ஏழு சொன்னா பேசின மாதிரி ஆயிடும். நான் எதுக்குப் பேசணும்? பொணம் நாறும்னு அவனுக்குத் தெரியாதா?”

அன்றைக்குப் பிறகு அவர் வருஷத்தை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் எங்கள் நாட்டுக் கொடி ஏற்றும் நாளில் அக்கரையில் கடை கண்ணியெல்லாம் திறந்திருக்கும். பதில் வராது. அன்றைக்கு “மூணு” சொன்னதும் பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவர்கள் கொடி ஏற்றும் நாளில் தம்பியின் “ஒண்ணு, ரெண்டு, மூணு” இங்கே கேட்கும். இவர் வேலைக்குப் போகாமல் கரையில் குந்தியிருப்பார், மைக் இல்லாமல் உதடு மட்டும் “நாலு” என்று அசையும். சில வருஷம் இரண்டு கரையிலும் பிறை வேறு வேறு நாளில் தெரியும், நோன்பு முடிகிற விழா முன்னும் பின்னுமாகப் போய்விடும். அந்த வருஷம் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. அவர் நோன்புக்காரர்கூட இல்லை.

போன வருஷம் தொண்டை கட்டியது. கட்டு விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு துணி. உதடு அசையும், சத்தம் வராது. அந்த உதட்டைப் படிக்கத் தெரிந்தவர் அவர் மனைவி ஒருவர்தான். “ஊருக்கே கத்திக் கத்தி என் காதைச் செவிடாக்கினீங்க. இப்பத்தான் வீட்டுல நிம்மதி” என்பார், கஞ்சியை ஆற்றிக்கொண்டே. சொல்லிவிட்டு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆம்ப்ளிஃபயர் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நல்ல குழாய் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் பூனை படுத்திருக்கிறது.

விதைப்பு விழாவுக்குக் கமிட்டிக்காரர் பக்கத்து டவுனிலிருந்து புது செட்டு வரவழைத்தார். பெட்டி பெட்டியாக, ஆள் உயரத்துக்கு. எல்லாம் கூட்டத்தைப் பார்த்து. ஒண்ணு ரெண்டு கிடையாது, எடுத்த எடுப்பில் பாட்டு. பாட்டு தொடங்கும் முன்னால் நான் ஆற்றுப் பக்கத்து மூங்கிலில் உட்கார்ந்து கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். இங்கே மூணு சொல்ல ஆளில்லை. அக்கரையிலிருந்து தானாக வந்தது, “நாலு… அஞ்சு… ஆறு…” கொஞ்சம் நின்றது. மறுபடியும் “நாலு… அஞ்சு… ஆறு…” மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது இங்கே பாட்டு கிளம்பி அதை அமுக்கிவிட்டது.

சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அறுப்பு விழா வருகிறது. நேற்று அண்ணி ஆள் அனுப்பினார். போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோளெலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. பூனையை விரட்டிவிட்டுக் குழாயைத் துடைத்து மடியில் வைத்திருந்தார்.

“இதை நீங்க கட்டணுமாம் தம்பி. அதே மூங்கில்ல, அதே பக்கம்” என்றார் அண்ணி. “கமிட்டிக்காரர் வைவாரேன்னு கேட்டேன். அதெல்லாம் பந்தலுக்குப் பழக்கம்தாங்கிறார்.”

“திமிரைப் பாரு” என்றேன். “சரிண்ணே, கட்டுறேன். நானே மைக்கைப் பிடிச்சு உங்களை மாதிரியே சொல்லிடறேன்.” தொண்டையைச் செருமி, கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டி, “ஒண்ணு… ரெண்டு… மூணூ…” என்று இழுத்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

வேண்டாம் என்று தலையாட்டினார்.

“இன்னும் இழுக்கணுமா?”

அதற்கும் இல்லை என்றே தலையாட்டினார். உதடு அசைந்தது. அண்ணி குனிந்து பார்த்தார். “ஒண்ணு ரெண்டு மூணு வேண்டாமாம். அவன்தான் ஆறு வரைக்கும் சொல்லிட்டானேங்கிறார்.” அண்ணிக்குப் புரியவில்லை. “அப்ப வேற எதைத்தாங்க சொல்லச் சொல்றீங்க?”

அவர் குழாயை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். ஒரு கையில் ஐந்து விரலையும் விரித்தார். இன்னொரு கையில் இரண்டை நீட்டினார். சரி என்று நான் தலையாட்டும்வரை கையைக் கீழே இறக்கவில்லை.