டைப் அடிக்கிற பெண்

மார்பில் கட்டி தட்டுப்பட்டு மாதக்கணக்காகியும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. கல்யாணம் கழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வலி தாங்காமல்தான் காரைக்குடி டாக்டரம்மாவிடம் போனேன்.

உள்ளே நுழைந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நோயாளி சொல்வதையெல்லாம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க, டாக்டரம்மா பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்டரமாணிக்கத்துப் பெண்; மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகள்.

"என்ன செய்யுது?" டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக் கேட்டார்.

"நெஞ்செரிச்சல்தான்."

அந்தப் பெண் அதையும் தட்டினாள். மாத்திரைச் சீட்டோடு எழுந்தேன். இனி அவ்வளவுதான் என்று அழுகை முட்டியது.

சட்டென்று அவள் எழுந்தாள். "அத்தை இன்னும் ஏதோ சொல்ல நெனைக்கிறாக, டாக்டர். நான் அங்குட்டு இருக்கேன்." கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

சொன்னேன். அவள் இல்லாததால் டாக்டரம்மாவே டைப் அடித்தார். கண்ணெல்லாம் கம்ப்யூட்டரில். என் மொத்தப் பயத்தையும் அவர் காதோரத்தைப் பார்த்துத்தான் சொல்லி முடித்தேன்.

பரிசோதனை முடிவு கேட்கப் போன அன்று, என்னைக் கண்டதும் அவள் மறுபடி எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சம்பந்தி வீட்டில் தெரிந்தால் தெரியட்டும். அந்தச் சொல்லையும் ஒரு காதோரத்தைப் பார்த்துக் கேட்க என்னால் முடியாது.

"போகாத ஆத்தா. நீ எழுது. அவுக என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் விரல்கள்தான் நகரவில்லை.