சுண்டை வேரில் நின்ற கத்தரி

மலேசியாவின் காம்பார் நகருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டி அகற்றிவிட்ட பழைய தோட்ட நிலத்தில் விவியன் கத்தரி போட்டிருந்தாள். அவள் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபிறகு குத்தகைக்குப் பிடித்த நிலம் அது. கணவன் ஸ்டானிஸ்லாஸ் லோரி ஓட்டினான். மண்வேலை முழுவதும் அவளுடையது.

முதல் சில வருஷங்கள் கத்தரி அள்ளிக் கொடுத்தது. பிறகு மழைக்கும் வெயிலுக்கும் கணக்கே இல்லாமல் போயிற்று. மண் வெடிக்கக் காயும். அடுத்த வாரமே கணுக்கால் முங்கத் தண்ணீர் நிற்கும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் வாடல் நோய் புகுந்துகொண்டது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மாலையில் தலை தொங்கிவிடும். பக்கத்து நிலத்து ராமையா மருந்தை மாற்றி மாற்றி அடித்துச் சலித்துப்போனார்.

"மண்ணு செத்துப்போச்சு தங்கச்சி. நான் எண்ணெய்க்குச் செம்பனை நடப்போறேன்லா."

விவியனும் அன்று செத்த செடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆத்திரத்தில் வேலியோரம் வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே தானாக முளைத்த சுண்டைச்செடி, அதே தண்ணீரில் கொத்துக் கொத்தாய்க் காய்த்து நின்றது.

"ஏங்க, இங்க வாங்க. இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

"அது காட்டுச்செடிலா. எதையும் தாங்கும்," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"அப்ப அதோட வேர் மேல நம்ம கத்தரிய ஏத்தினா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவள். கத்தி பிடிக்கத் தெரியும். சுண்டைக் கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, கத்தரிக் கொழுந்தை ஆப்புப்போலச் சீவிச் செருகி நாடா சுற்றினாள். ஒரு வாரத்தில் அத்தனையும் கருகின. சுண்டை மெதுவாக வளர்வது. தண்டு ஊசியாய் இருந்தது. அடுத்த முறை சுண்டையை முன்கூட்டியே விதைத்து, இரண்டு தண்டும் ஒரே பருமனாகும்வரை காத்திருந்தாள். பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கி மூடியதில் அவையும் அழுகின.

"கத்தரிக்கும் சுண்டைக்கும் கல்யாணம் கட்டி வைக்கிறியா?" என்று ராமையா சிரித்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. நிழலில் வைத்து, தினமும் கொஞ்ச நேரம் விரிப்பைத் திறந்து காற்றுக் காட்டினாள். ஒரு காலையில் ஒட்டுக்கு மேலே புதுத் துளிர் விட்டிருந்தது. "ஏங்க, புடிச்சிருச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஸ்டானிஸ்லாஸ் பல் துலக்கிய நுரை வாயோடு ஓடிவந்தான்.

நிலம் முழுக்க ஒட்டுச்செடி நட்டாள். ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் பழையபடி வெறும் கத்தரி. வித்தியாசம் தெரிய வேண்டுமே.

ஆண்டுக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. சாலை மூழ்கி, நிலத்துக்குப் போகவே முடியவில்லை. தண்ணீர் வடிந்ததும் சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு போனாள். ஓர வரிசை சுருண்டு கிடந்தது. மற்றதெல்லாம் நிமிர்ந்து, ஊதாப் பூவோடு நின்றது. சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

ராமையா வேலியோரம் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது கத்தரிதானா தங்கச்சி?"

"கத்தரிதான் அண்ணே. காலு மட்டும் சுண்டை."

அந்த மாதம் ஈப்போ பாசாரில் கத்தரிக்குத் தட்டுப்பாடு. ஸ்டானிஸ்லாஸின் லோரி மட்டும் நிறைந்து போனது. முன் இருக்கையில் விவியன் இருந்தாள். சாப்பாட்டுக்கடை ஷரபுதீன் மூட்டையைப் பிரித்துக் கையில் ஒரு காயை உருட்டினார்.

"எல்லாரும் இல்லங்கிறான். உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து அக்கா?"

"நானே போட்டது பாய்," என்றாள் விவியன், பாசாரே திரும்பிப் பார்க்கும்படி.

ராமையா செம்பனை நடவில்லை. இப்போது அவர் நிலத்திலும் விவியன் கட்டிக் கொடுத்த கன்றுகள்தான் காய்க்கின்றன. அவள் அடுத்து தக்காளியில் கத்தி வைத்திருக்கிறாள்.