மதினி போட்ட மூடாக்கு

வைகாசி மாதத்து மத்தியான வெயிலில், வேலியோரம் நெடுநாளாகக் கிடந்த தென்னை ஓலைக் குவியலை மதினி புரட்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு ஆகும் மட்டைகளைப் பொறுக்கி எடுப்பதுதான் அன்றைய வேலை. பாதிக் குவியலைத் தள்ளியவள் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏட்டி, இங்க வந்து கைய வையி" என்று என்னைக் கூப்பிட்டாள். பாம்போ தேளோ என்று தயங்கிக்கொண்டே போனேன். என் கையைப் பிடித்து மண்ணில் அழுத்தினாள். மண் ஈரமாக இருந்தது. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலத்தில் அந்த இடம் மட்டும் கறுத்து, குளிர்ந்து, மண்புழு நெளிய இருந்தது. "மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு? இதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்று மதினி கேட்டாள். அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டது அல்ல.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் லாரி டிரைவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கேயே தங்கியிருந்து வார லீவுக்கு மட்டும் எங்கள் ஊர் வ. புதுப்பட்டிக்கு பஸ் ஏறுவேன். எண்பதுகளின் கடைசி அது. அடுத்தடுத்து மழை பொய்த்ததில் எங்கள் கிணறு அடி கண்டுவிட்டது. பம்புசெட்டைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரும் மணல் வாய்க்காலில் ஓடிக் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருமுன்பே காணாமல் போகும். அப்பா கத்தரியும் மிளகாயும் போட்டு இரண்டு வெள்ளாமையைப் பறிகொடுத்திருந்தார். தளவாய்புரத்து வியாபாரி ஒருவர் நிலத்தைக் கேட்டு ஆள் அனுப்பியபோது, ஆடி பிறந்ததும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோவார்.

அன்று சாயங்காலம் மதினி அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, ஆடி வரைக்கும் நெலத்த எங்கிட்ட விடுங்க. நான் ஒண்ணு செஞ்சு பாக்கேன்." அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெணத்துல தண்ணி இல்லத்தா. நீ என்னத்தச் செய்யப் போற?" "இருக்கிற தண்ணிய ஓட விடாம நிறுத்தப் போறேன்" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுவே சம்மதம்.

அவள் செய்ததைச் சொல்லிவிடுவது சுலபம். செய்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். பாத்திகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம் வெட்டினாள். அதன் அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்கினாள். அதன்மேல் சாணியும் இலைதழையும் போட்டு, லேசாக மண் தூவினாள். தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சாமல் இந்தப் பள்ளங்களில் மட்டும் விட்டாள். மட்டை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வேர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டது. பாத்திகளில் கத்தரி நாற்று நட்டு, வெண்டை விதை ஊன்றி, மேலே வெயில் படாதபடி கரும்புத் தோகையைப் பரப்பி மூடாக்குப் போட்டாள். தோகையை மேற்கே இருந்த கரும்புக்காரரிடம் கேட்டு வாங்கினாள். "எப்படியும் கொளுத்தத்தான் போறேன். அள்ளிட்டுப் போ தாயி, எனக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார் அவர். ஊரும் சிரித்தது. நிலத்துக்குப் பாய் விரிக்கிறாள் என்றார்கள்.

முதலில் கறையான்தான் வந்தது. தோகையைத் தின்றுவிட்டுத் தண்டில் ஏறியது. ஒரு வரிசைக் கத்தரி அப்படியே சாய்ந்தது. அப்பா உரக்கடையில் மருந்து வாங்கி வருகிறேன் என்றார். மதினி வேண்டாம் என்றுவிட்டாள். மருந்து அடித்தால் மண்புழுவும் செத்துப்போகும் என்பது அவள் பயம். செடியின் தூரை ஒட்டிக் கிடந்த தோகையை விரல்களால் விலக்கி, வேப்பம் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள். ஒவ்வொரு செடிக்கும் குனிந்து குனிந்து இதைச் செய்தாள். அடுத்த லீவுக்கு நான் போனபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆனால் செடிகள் நிமிர்ந்திருந்தன. வெண்டை பூத்திருந்தது.

ஆனிக் கடைசியில் பிளவக்கல் அணைப் பக்கமிருந்து மேல்காற்று கிளம்பியது. நான் லீவில் இருந்த ஒரு காலையில், கரும்புக்காரர் மிச்சமிருந்த தோகைக்குத் தீ வைத்தார். காற்று அவ்வளவு வலுக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நாங்கள் பார்க்கும்போதே வேலியைத் தாண்டித் தீ எங்கள் மூடாக்கில் விழுந்தது. காய்ந்த தோகை படபடவென்று பிடித்தது. "அம்புட்டும் போச்சே!" என்று அப்பா தலையில் கை வைத்தார். மோட்டாரைப் போட நான் ஓடினேன், கரண்டு இல்லை. திரும்பிப் பார்த்தால், மதினி மம்பட்டியோடு தீக்கு எதிராகப் பள்ளத்தில் இறங்கி நின்றாள். "மோட்டார விடு! தோகைய இழு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் பள்ளத்திலிருந்து சொட்டச் சொட்ட நனைந்த மட்டையையும் தழையையும் வெட்டி எடுத்துத் தீயின் மேல் வீசினாள். நானும் அப்பாவும் இந்தப் பக்கத்துத் தோகையை இழுத்து எறிந்தோம். கரும்புக்காரரும் பதறி ஓடிவந்து கூடச் சேர்ந்தார். தீ ஈரப் பள்ளம் வரைக்கும் வந்தது. அதைத் தாண்ட முடியாமல் புகைந்து அடங்கியது. மேற்கோரத்துப் பாத்திகள் கருகிப்போயின. மற்றவை அப்படியே நின்றன. மதினியின் சேலை முந்தி பொசுங்கியிருந்தது, முகமெல்லாம் கரி. கரும்புக்காரர் வாயைத் திறக்குமுன்பே, "அண்ணாச்சி, அடுத்த தடவ கொளுத்தாதீங்க. அம்புட்டையும் நானே அள்ளிக்கிடுதேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆடி பிறந்து வியாபாரி நேரில் வந்தார். சுற்றிலும் காய்ந்து கிடந்த காடுகளுக்கு நடுவே எங்கள் பாத்திகள் பச்சையாக நின்றதைப் பார்த்ததும் நிலம் அவருக்கு இன்னும் பிடித்துப்போனது. "கெணத்துல ஊத்து நல்லாருக்கு போலயே" என்றார். "ஊத்து இல்லய்யா" என்றார் அப்பா. கொடுத்த வாக்கை அவர் மீறி நான் பார்த்ததில்லை. அன்று கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா நெனைக்காதீக. இது இனி என் நெலம் இல்ல. எம் மருமகளக் கேட்டுத்தான் எதுவும் சொல்லணும்" என்றார். வியாபாரி மதினியைப் பார்த்தார். அவள் பறித்து மடியில் கட்டியிருந்த வெண்டைக்காயை அள்ளி அவரிடம் நீட்டினாள். "வந்ததுக்கு இதக் கொண்டுபோங்க. நெலம் இருக்கட்டும்."

அப்பா அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்திரப் பதிவுக்கு அழைத்துப் போனார். உனக்கும் இதில் பங்கு உண்டு, மனசுக்குச் சம்மதம்தானா என்று என்னைத் தனியாகக் கேட்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் வேறெதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. மகன் இருக்கும்போது மருமகள் பேருக்கா என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டபோது, அப்பா பக்கத்தில் நின்ற அண்ணனைக் காட்டி, "இவன் லாரி ஓட்டுதான். நெலத்த ஓட்டுறது அவதான்" என்றார். அண்ணன்தான் முதலில் சிரித்தான்.

இன்று அண்ணன் லாரியை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் இப்போது மூடாக்குப் போடுகிறார்கள்; தோகைக்குப் போட்டி வந்துவிட்டது என்று மதினி அலுத்துக்கொள்கிறாள். போன மாதம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, டீக்கடையில் புதிதாக வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்த அண்ணனைக் காட்டி, "அவிய யாரு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "நம்ம தோட்டத்தக்கா வீட்டுக்காரரு" என்றார். அண்ணன் காதில் அது விழுந்தது. மீசையைத் தடவிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.